பேத்தியின் பங்கு

பொன்னுத்துரை தடுப்பதற்குள் மகள் இளவேணி தன் ஏழு மாதக் குழந்தையின் விரலைத் தெருக்குழாயில் வைத்துவிட்டாள். ஊரின் ஐம்பதாண்டுத் தண்ணீர் ஒப்பந்தப்படி, விரல் பட்டதும் பிள்ளையின் பங்கு திறக்க வேண்டும்.

"இந்த வீட்டுக்கு வாரிசு இல்லை," என்று தெருவே கேட்கச் சொன்னது குழாய்.

"மிஷினு கோட்டித்தனமா உளறுதுப்பா," என்று சிரித்தாள் இளவேணி.

அவள் விரும்பியவனோடு போன அன்று, ஆத்திரத்தில், 'எனக்குப் பின் யாருமில்லை' என்று நீர்க்குழுவில் எழுதிக் கொடுத்தவர் பொன்னுத்துரைதான். அப்படி எழுதியவர்களுக்கு வரப்போகும் தலைமுறையின் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதைத் திருத்த வழியே கிடையாது.

எல்லாம் அறிந்த பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய், தன் பங்கிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குழந்தைக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

"பழுதாத்தாம்மா இருக்கும்," என்றார் பொன்னுத்துரை, தரையைப் பார்த்தபடி.

இளவேணி குழந்தையோடு முற்றத்து எலுமிச்சை நிழலுக்குப் போனாள். அந்தத் தெருவில் பச்சையாய் நின்றது அது ஒன்றுதான். எழுதிக் கொடுத்து வாங்கிய தண்ணீரையெல்லாம் அவர் அதற்குத்தான் ஊற்றியிருந்தார்.

அவள் ஒரு பழத்தைப் பறித்துக் குழந்தையின் கையில் வைத்தாள்.

"இந்தா, தாத்தா ஒனக்குன்னே வளத்துருக்காவ, பாரு."