ஒளுத் தண்ணீர்

மதியம் இரண்டு மணி. செம்பூர் ஆபீஸ் ஜன்னலின் மறைப்பு வழியாக வெயில் கோடுகோடாகக் கீபோர்டில் விழுகிறது. ஹலால் இறைச்சி பேக் செய்யும் கம்பெனி. இந்த வருஷத்து சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட்டுக்காக அஃப்ஷா மஸ்கட் ஃபேக்டரியின் தண்ணீர் மீட்டரின் வரைபடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோடு சட்டென்று மேலே ஏறுகிறது. பின்னால் நிற்கும் மேனேஜர் தனசீலன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிகிறார். "தெனமும் இதே நேரத்துக்கு ஏறுதே. பைப் லீக்குன்னு எழுதிரும்மா." "லீக் இல்ல சார். அங்க இப்ப பன்னண்டரை. லுஹர் தொழ எல்லாரும் ஒளு செய்யுதாங்க. கை, மூஞ்சி, காலு கழுவுத தண்ணி." "அப்போ உன் வீட்டுக்காரரும் அதுல நிக்காராக்கும்? அவருக்கு மட்டும் தனி மீட்டர் வச்சிருவோமா?" அஃப்ஷா சிரித்துவிடுகிறாள். தனசீலனும் சிரித்தபடி தன் அறைக்குப் போகிறார். கணவர் காலித் அந்த ஃபேக்டரி வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. லீவு மூன்று முறை தள்ளிப்போயிற்று. வேலை நேரத்தில் போன் கூடாது. காரணம் என்ற கட்டத்தில் 'தொழுகைக்கு முன் கைகால் கழுவ' என்று டைப் செய்துவிட்டு, கோட்டின் உச்சியில் விரலை வைக்கிறாள். திரை வெதுவெதுப்பாக இருக்கிறது. அவள் மனக்கண்ணில், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு காலித் குழாயடியில் குனிந்து நிற்கிறார். கோடு இறங்கத் தொடங்குகிறது. ஆனால் முழுக்க இறங்காமல், அடியில் மெல்லியதாகத் தயங்கி நிற்கிறது. யாரோ ஒருவர் இன்னும் குழாயை மூடவில்லை. "மெதுவாவே செய்யுங்க," என்கிறாள் அஃப்ஷா, வாய்க்குள்.