நாலு புள்ளி ஆறு

“ஏழாவது கேள்விக்குச் சரியான விடை நாலு புள்ளி ஆறு சார். நீங்க வச்சிருக்கற விடைக்குறிப்புதான் தப்பு.”

தேர்வு அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மடியில் ஹெல்மெட்டையும் இடுப்பு பெல்ட்டையும் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் டவர்க்காரி. பதினான்கு வருஷமாகத் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் ஏறி இறங்கி வலது முழங்கால் தேய்ந்து போனவள்.

“பத்தொன்பது வருஷமா இதே கேள்வி, இதே விடை. மூணு புள்ளி ஒன்பது. எத்தனையோ பேர் எழுதிப் பாஸாகி இன்ஜினீயர் ஆயாச்சு. இன்னிக்கு நீங்க வந்து தப்புங்கறீங்க.”

“பத்தொன்பது வருஷமா தப்பு சார்.”

இருப்பது ஒரே ஒரு பொறியாளர் பதவி. தேர்வு எழுதியதோ இரண்டே பேர், இவளும் ஒட்டகமும். உயரத்துக்காக அவனுக்கு வைத்த பெயர் அது. இவள் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததை ஒரு தடவை மேலிடத்தில் போட்டுக்கொடுத்தான்; அன்றிலிருந்து இவள் அவனோடு பேசுவதில்லை. ஜெயித்தவருக்குக் கீழ்த்தளத்தில் மேஜையும் நாற்காலியும். தோற்றவர் பழையபடி டவர் ஏற வேண்டியதுதான்.

விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருக்கு எந்த எண் என்ற சீட்டு உறைக்குள் இருந்தது. மாலை ஐந்து மணிக்குத்தான் பிரிப்பார்கள். பதினேழாம் எண்ணுக்கு எழுபத்தொன்று மதிப்பெண், இருபத்து மூன்றாம் எண்ணுக்கு அறுபத்து மூன்று என்று காலையிலேயே பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

“உங்க நம்பரை நான் கேக்கக் கூடாது, நீங்களும் சொல்லாதீங்க” என்றார் அதிகாரி. “ஆனா ஜெயிச்சவங்க யாரும் வந்து இப்படிச் சண்டை போட மாட்டாங்கம்மா. அது எனக்கும் புரியும். மறுபடி அடுத்த வருஷம் எழுதுங்க.”

“கணக்கைப் பாருங்க சார். அப்புறம் அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசலாம்.”

மேஜையில் கிடந்த காகிதத்தை அனுமதி கேட்காமலே இழுத்துக்கொண்டாள்.

“ரெண்டு ஆம்ப்ளிஃபையர். முதலாவதோட இரைச்சல் மூணு டெசிபெல், ரெண்டாவதோடது பத்து. முதலாவது சிக்னலைப் பத்து டெசிபெல் கூட்டுது. மொத்த இரைச்சல் எவ்வளவு? ரெண்டாவதுல ஒண்ணைக் கழிச்சு, பத்தால வகுத்து, முதலாவதோட கூட்டணும். சரிதானே?”

“சரிதான். ஒன்பதைப் பத்தால வகுத்தா புள்ளி ஒன்பது. மூணோட கூட்டினா மூணு புள்ளி ஒன்பது. ஆச்சா?”

“ஆகல சார். டெசிபெல்லை மடங்கா மாத்திட்டுத்தான் இந்தக் கணக்குல போடணும். பத்து டெசிபெல்னா பத்து மடங்கு. மாத்தினாலும் பத்து, மாத்தாட்டியும் பத்து. அதனாலதான் ஒருத்தருக்கும் உறைக்கல. ஆனா மூணு டெசிபெல்னா ரெண்டு மடங்கு! விடை எழுதின மகராசன் அதை மாத்தவே மறந்துட்டான். ரெண்டு புள்ளி ஒன்பது வரணும். அதைத் திரும்ப டெசிபெல் ஆக்கினா நாலு புள்ளி ஆறு.”

அதிகாரிக்குக் காது சிவந்தது. “முக்கால் டெசிபெல் கூட இல்ல. இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”

“கடைசியில இருக்கற ஊருக்குப் பேச்சு கேக்குமா கேக்காதாங்கறதே அதுக்குள்ளதான் சார் இருக்கு. நேத்து டவர் உச்சியில மீட்டர் வச்சு அளந்தேன். அதே மாதிரி ரெண்டு ஆம்ப்ளிஃபையர். மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் நாலு புள்ளி ஆறு. மீட்டருக்கு உங்க விடைக்குறிப்பு தெரியாதே!”

“மேலிடத்துக்கு எழுதினா உங்க மேலதான் நடவடிக்கை வரும்.”

“எழுதுங்க. இல்ல நான் எழுதறேன். நோட்ஸை மனப்பாடம் பண்ணி எழுதினா பத்துக்குப் பத்து, யோசிச்சு எழுதினா முட்டை. நினைச்சாலே வெக்கமா இருக்கு சார். இதைச் சரி பண்ணாம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்.”

எழுந்திருக்க மாட்டாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. பெருமூச்சு விட்டுக் கால்குலேட்டரை எடுத்தார். தட்டினார். அழித்துவிட்டு மறுபடி தட்டினார். பிறகு கால்குலேட்டரை மெதுவாக மேஜையில் வைத்தார். தானும் இதே தேர்வில், இதே மூன்று புள்ளி ஒன்பதை எழுதித்தான் இந்த அறைக்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

கடைசியில் இரண்டு விடைத்தாள்களையும் பிரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார். பதினேழாம் எண்ணில் ஏழாவது கேள்விக்கு இருந்த பத்தை அடித்து முட்டை போட்டார். இருபத்து மூன்றாம் எண்ணில் இருந்த முட்டைக்கு முன்னால் ஒன்று போட்டார். இரண்டு இடத்திலும் கையெழுத்திட்டார்.

“இருபத்து மூணுக்கு எழுபத்து மூணு, பதினேழுக்கு அறுபத்தொண்ணு. மாத்தியாச்சு, இனி யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.” முதல் முறையாகச் சிரித்தார். “தைரியசாலிம்மா நீங்க. உங்க இடத்துல நான் இருந்திருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன். வாழ்த்துகள், இன்ஜினீயர் மேடம். இனிமே அந்த முழங்காலுக்கு ஓய்வுதான்.”

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். பெல்ட்டை இடுப்பில் கட்டி, ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“வாழ்த்தை ஒட்டகத்துக்கிட்ட சொல்லிடுங்க சார், எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது” என்றாள். “என் நம்பர் பதினேழு.”