ஏழு பிஞ்சுகள்

விரலை நீட்டினாள்.

முதல் பிஞ்சு. இரண்டாவது. மூன்றாவது.

பக்கத்து வீட்டு வசுமதியின் பரங்கிக்கொடி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கப் படர்ந்திருக்கிறது. இன்னும் நான்கு பாக்கி.

பொழுது இப்போதுதான் வெளுக்கிறது. வேறு யாரும் இன்னும் மேலே வரவில்லை.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகி விழுந்துவிடும். இவள் பிறந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்டுவார்கள்.

இன்று இவள் மடக்கவில்லை.

நான்காவது. ஐந்தாவது.

ஒரே பழத்து விதை, பாருங்கள். சந்தையில் இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கி, பாதிப் பாதியாக அறுத்துக்கொண்ட பழம். ஒரே நாளில் ஊன்றினார்கள். இந்தக் கோடியில் இவள் மண்பை, அந்தக் கோடியில் வசுமதியின் மண்பை.

அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுங்கக்கா என்றாள் வசுமதி. ஊற்றினாள்.

பூச்சிக்குப் புளித்த மோர் தெளியுங்க என்றாள். தெளித்தாள்.

மண்ணுக்குள் விரல் விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம் என்றாள். தினமும் சாயங்காலம் விட்டுப் பார்த்தாள்.

அங்கே ஏழு காய்க்கிறது. இங்கே பூவோடு வருகிற பிஞ்செல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது.

நேற்று இவள் கணவர் கேட்டார்.

"காய் எங்கடி? இலைக்குத்தான் இத்தன நாளா தண்ணி சொமந்தியா?"

ஆறாவது.

ஏழாவது குழாய்க்கு மேலே தொங்குகிறது. எல்லாவற்றிலும் பெரியது. பச்சையும் வெள்ளையுமாய், எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. அதற்கு மட்டும் விரலைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினாள்.

படியில் செருப்புச் சத்தம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

வசுமதிதான். தூக்கம் கலையாத முகம். நேராகத் தன் கொடிக்குப் போய், காம்பு நீண்ட ஆண்பூ ஒன்றைக் கிள்ளினாள். இதழ்களை உரித்தாள். நடுவில் மஞ்சள் பொடி. அடியில் பிஞ்சு வைத்திருந்த பூவுக்குள் அதை மெல்லத் தடவினாள்.

இவ்வளவுதானா?

மூன்றாவது மாடிக்குத் தேனீ ஏறி வருவதில்லை. தேனீயின் வேலையை வசுமதி கையால் செய்கிறாள். விடிகிற நேரத்தில், பூ விரிந்திருக்கும்போதே. சாயங்காலம் மட்டுமே மாடி ஏறுகிற இவளுக்கு அது எப்படித் தெரியும்?

என்னிடம் சொன்னாளா, பார்.



வசுமதி இன்னொரு பூவைக் கிள்ளினாள். அதைக் கையில் பொத்திக்கொண்டு மாடியின் இந்தக் கோடிக்கு வந்தாள்.

இவள் கொடியின் முன் குந்தினாள். இலையை விலக்கினாள். அங்கே ஒரு பூ விரிந்திருந்தது. அதற்குள்ளும் தடவினாள், குழந்தையின் கன்னத்தில் பவுடர் போடுவதுபோல.

"நேத்தும் ஒண்ணு விழுந்துடுச்சு. நீயாவது நில்லுடி கண்ணு. சொன்னா அக்கா ரோஷப்படுவாங்க."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை இவள் அசையவில்லை.

கொடி நன்றாக இருப்பது போதாதா? மனசும் அவளுக்கே நன்றாக இருக்கவேண்டுமா?

தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்து வசுமதியின் கொடி முன் நின்றாள்.

தவறி நீட்டிவிட்டால் அதற்கு மாற்று உண்டு. நீட்டின விரலைக் கடித்துக்கொள்ள வேண்டும். பிஞ்சு ஒன்றுக்கு ஒரு கடி.

முதல் பிஞ்சைப் பார்த்தாள். கடித்தாள்.

இரண்டாவது. மூன்றாவது.

பல் பதிந்த இடத்திலேயே மறுபடி பதிந்தது. வலித்தது. நிறுத்தவில்லை.

நான்கு. ஐந்து. ஆறு.

குழாய்க்கு மேலே தொங்கும் ஏழாவதன்மேல் வெயில் விழத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் பருத்ததுபோலிருந்தது.

விரலை வாயில் வைத்தபடி, கடிக்காமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.