குறி தப்பாத துப்பாக்கி

இன்ஸ்பெக்டர் ஷிகோங்கோ சுட்ட மூன்று குண்டுகளும் முள்வேலியில் மாட்டிய அட்டையின் நடுப்புள்ளியைத் துளைத்தன.

“அசத்துதேப்பா உன் துப்பாக்கி!”

வேறு நாளாக இருந்தால் பண்ணைக்காரரின் மூத்த மகன் டிர்க் பூரித்துப் போயிருப்பான். இன்று முகம் வெளிறியது.

“அன்னைக்கு இது வண்டியிலேருந்து விழுந்து, குறிபார்க்கிற ஸ்கோப் கோணிப்போச்சு சார். குடு மானைத்தான் குறிவெச்சேன். குண்டு தள்ளி நின்ன தம்பி மேல பாஞ்சிருச்சு.”

“கோணின துப்பாக்கியா இப்படிச் சுடுது? பண்ணைக்கு இனிமே நீ ஒருத்தன்தானே வாரிசு?”

“தம்பி உடம்பை ஆஸ்பத்திரி வண்டியில ஏத்தி அனுப்பிட்டு உங்களுக்காக உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்கலை சார். நான்தான் சுட்டுப் பார்த்துச் சரிபண்ணினேன். கோணல் துப்பாக்கியை அலமாரியில வெச்சுப் பழக்கமில்லை.”

ஷிகோங்கோ துப்பாக்கியில் மீதியிருந்த குண்டுகளைக் கழற்றினார்.

“நம்புறேன்ப்பா. நானும் வேட்டைக்காரன்தான். ஆனா விண்ட்ஹூக் நீதிபதி துப்பாக்கியைத் தொட்டதே இல்லையே” என்றபடி கைவிலங்கை எடுத்தார்.