இடது பக்கத்து மூச்சு

டாக்டரம்மா ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கிச் சிறுமியின் நெஞ்சில் தடவி, ஸ்கேன் கருவியை இடது விலாவில் வைத்தார். மூச்சுக்கு மூச்சு வழுக்க வேண்டிய வெள்ளைக் கோடு திரையில் அசையாமல் கிடந்தது.

"இந்தப் பக்க நுரையீரல் வேலை செய்யலம்மா. தீவிர சிகிச்சைக்கு மாத்தறோம். உள்ள உங்களை விடமாட்டாங்க."

பயத்தில் பிடித்து வைத்திருந்த மூச்சைப் பக்கத்தில் நின்ற தாய் விட்டாள். கோடு நகர்ந்தது. அவள் மறுபடி அடக்கினாள், கோடு நின்றது. டாக்டரம்மா கருவியைத் துடைத்துத் திரும்ப விலாவில் வைத்துப் பார்த்தார். அப்போதும் தாயின் மூச்சுக்குத்தான் அது அசைந்தது.

தள்ளுகட்டில் வந்தது. மகளைக் கிடத்தியதும் தாயும் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"இறங்குங்கம்மா, இது பேஷண்டுக்கு" என்றார் ஊழியர்.

"தெரியும். ரெண்டு பேரையும் சேத்துத் தள்ளுங்க."

தள்ளும்படி டாக்டரம்மா ஊழியருக்குக் கையசைத்தார். நடைவழி நெடுகத் தாய் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். மகளின் இடது விலா ஏறி ஏறி இறங்கியது.