வெயில் விடுமுறை

"லீவெல்லாம் விட முடியாது. எல்லாரும் போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க!"

கூடி நின்ற பெற்றோரிடம் சொல்லிவிட்டு, தலைமையாசிரியை வாளித் தண்ணீரில் கோணிச் சாக்கை முக்கி எடுத்து வகுப்பு ஜன்னலில் கட்டத் தொடங்கினார். ஊருக்குப் புதியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெற்றோர் வைத்த பெயர் 'கல்லு டீச்சர்'.

"சுத்துவட்டாரத்துல எல்லா ஸ்கூலும் மூடியாச்சு. உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு?" லாரி டிரைவர் ஒருவர் எகிறினார். "நேத்து என் பொண்ணு வகுப்புலயே மயங்கி விழுந்திருக்கா. முன்னெல்லாம் இப்படியா இருந்துச்சு? வெயிலா இது, நெருப்பு!"

"அதுக்குத்தான் சொல்றேன். கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். இந்தச் சாக்கு காயக் காய நனைக்கணும். வீட்டுக்கு ஒருத்தர் வந்து கை கொடுங்க. பிள்ளைங்க நம்ம கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

"எங்களுக்கு வேற பொழப்பு இல்லையா?" என்றாள் ஒரு தையல்காரி. "வீட்டுக்குள்ள விட்டுப் பூட்டிட்டுப் போனா, ஃபேனைப் போட்டுக்கிட்டு அதுங்க பாட்டுக்குக் கிடக்கும்."

ஒருவர்கூட வாளியைத் தொடவில்லை.

இளம் டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மயங்கிய சிறுமியை மடியில் போட்டு விசிறியவள் அவள்தான். மனசு கேட்காமல் இன்று காலை கல்வி அதிகாரிக்கு ஃபோன் போட்டுப் புகார் சொன்னதும் அவள்தான்.

தலைமையாசிரியையின் ஃபோன் ஒலித்தது.

"சார், தயவுசெஞ்சு கேளுங்க... இங்கன்னா பார்த்துக்க ஆள் இருக்கோம், தண்ணி இருக்கு... இல்ல சார்..." கெஞ்சிய குரல் மெல்லத் தேய்ந்தது. "சரிங்க சார்."

மணி அடித்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். "கல்லு கரைஞ்சிடுச்சுப்பா!" என்று யாரோ சொல்ல, பெற்றோர் சிரித்தபடி கலைந்தார்கள்.

வகுப்பு காலியானது. இளம் டீச்சர் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"நான்தான் ஃபோன் பண்ணினேன் மேடம். மன்னிச்சிடுங்க. ஆனா, வீட்டுல பத்திரமாத்தானே இருப்பாங்க?"

அவர் கோபப்படவில்லை. பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார்.

"போன வருஷம் நான் இருந்த ஸ்கூல்ல, எல்லாருக்கும் முந்தி நான்தான் பிள்ளைங்களுக்கு லீவு விட்டேன். அப்படிக் கொண்டாடினாங்க என்னை. ரெண்டாம் வகுப்புல ஒரு குட்டிப் பொண்ணு. மொட்டை மாடியில ஷீட் போட்ட வாடகை ரூம். அம்மாக்காரி உள்ளே விட்டுப் பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டா. மத்தியானம் கரண்ட் போயிடுச்சு. சாயங்காலம் வந்து பூட்டை எடுத்துக் கதவைத் தள்ளினா, திறக்க முடியல. குழந்தை கதவோரமாவே சுருண்டு கிடந்திருக்கு."

இளம் டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயோ... அந்தம்மா எப்படித் தாங்கினாங்க மேடம்?"

"பெத்தவ நான், தாங்கலம்மா. அந்த ஊரே வேண்டாம்னு மாற்றல் வாங்கிட்டு இங்க வந்துட்டேன்."