ஸ்பீக்கருக்குப் பூட்டு

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க சார்" என்றது மீட்டிங் ரூம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். தூசிக்குப் பயந்தவர் போல முகமூடியோடு உள்ளே புகுந்திருந்தார் ஆசாமி.

மேனேஜர் தயங்கினார். நேற்றுதான் மாற்றிய பாஸ்வேர்டு, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் ரிப்பேருக்கு வந்தவரிடம் மறைத்தால் வேலை நடக்குமா? குனிந்து காதோடு சொன்னார்.

விஷயம் இதுதான். மேனேஜர் மைக்கைப் பிடித்த பத்தாவது நிமிடம் ஸ்பீக்கர் தானாக முனக ஆரம்பித்துவிடும். நெட்வொர்க்கில் இருக்கும் பெட்டியல்லவா, யாரோ ஒரு புண்ணியவான் போனிலிருந்தே சத்தத்தைக் குறைக்கிறான்.

பாஸ்வேர்டை மாற்றி நேற்று ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தார். கணீரென்று இருந்தது. ஆனாலும் இன்று சேர்மன் முன்னால் பேச வேண்டும், சொதப்பினால் பதவி உயர்வுக்குப் பெரிய கும்பிடு. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பீக்கர் கம்பெனிக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொல்லியிருந்தார்.

"மூணு வருஷமா ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னே வச்சிருந்தீங்களே சார். யாரு வேணா உள்ள வரலாமே."

"அதான் நேத்து மாத்திட்டேனே!"

"ஆமா" என்று பெருமூச்சு விட்டார் அவர்.

பிறகு எழுந்து தன் போனில் ஏதோ தட்டினார். "மைக்குல 'ஆ'ன்னு சொல்லுங்க."

"ஆ..."

"வாயை இன்னும் நல்லாத் திறங்க."

திறந்தார். ஆசாமி உற்றுப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"முடிஞ்சுது. புதுப் பாஸ்வேர்டு போட்டாச்சு. இனி இந்தச் சத்தத்துல யாரும் கைவைக்க முடியாது. நீங்களே நெனச்சாலும் முடியாது."

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்தவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். அப்போது போன் அடித்தது.

"சார், ஸ்பீக்கர் கம்பெனியிலேர்ந்து பேசறேன். வண்டி பஞ்சர் சார், அரை மணி நேரத்துல வந்துடறேன்."

மேனேஜருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யோவ், அப்ப நீ யாருய்யா?"

கதவைத் திறந்தபடி ஆசாமி திரும்பினார். "சுவத்துக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் சார். நேத்து உங்க சத்தத்தைக் குறைக்க முடியாம, கை உதறி, ஒருத்தருக்கு நல்ல பல்லைப் புடுங்கிட்டேன்!"